விண்டோஸ் 10 முடியப்போகுது: ஆபீஸ் சிஸ்டங்களை 11-க்கு மாத்தணுமா, அப்படியே விட்டுடலாமா?

கேள்வி: 2025 பிப்ரவரி 9 (கரூர், வீட்டு ஜவுளி ஏற்றுமதி)

ஆபீசில 9 சிஸ்டம். எல்லாமே விண்டோஸ் 10. டாலி கணக்கு மென்பொருள் ஓடுது, மெயில் ஓடுது, பேங்க் ஓடுது. அக்டோபர் 14-ஓட மைக்ரோசாப்ட் கைவிட்டுடும், ஒன்பதையும் மாத்துங்கன்னு சர்வீஸ் பையன் சொல்றான். விண்டோஸ் 7 முடிஞ்சப்பவும் இதையேதான் சொன்னாங்க. எங்க குடோன்ல ஒரு 7 இன்னும் ஓடிட்டிருக்கு, ஒண்ணும் ஆகல. ஓடுற மெஷின்ல கை வைக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

பதில்: பிப்ரவரி 9, இரவு

மறுக்கிறேன், ஆனா பாதிதான்.

ஓடுற மெஷின்ல கை வைக்காதேங்கிறது தறிக்குச் சரி. தறியைச் சுத்தி இருக்கிற உலகம் அதைத் தாக்க வர்றதில்ல. நெட்டுல கிடக்கிற சிஸ்டம் அப்படியில்ல. மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் ஓட்டைகளை அடைச்சு அப்டேட் விடுது. 10-ம் 11-ம் உள்ளுக்குள்ள நிறைய இடத்துல ஒரே நிரல்தான். அக்டோபருக்கு அப்புறம் 11-ல ஒரு ஓட்டையை அடைச்சா, அதே ஓட்டை 10-ல எங்க இருக்குன்னு திருடனுக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும். 2015 ஜூலையில வந்ததிலிருந்து 10-க்கு இந்த ஆபத்து இல்ல. இனிமே மாசத்துக்கு மாசம் கூடும்.

சர்வீஸ் பையன் சொன்னதுலயும் ஒரு தப்பு இருக்கு. ஒன்பதையும் ஒரே கேள்வியாக்கிட்டான். அண்ணா, முதல்ல இதைச் சொல்லுங்க: பேங்க் எந்த சிஸ்டத்துல திறக்கறீங்க? ஜிஎஸ்டி எதுல தாக்கல் ஆகுது? பையர்கிட்டேர்ந்து மெயில் எதுல வருது? குடோன் சிஸ்டத்துல நெட் இருக்கா?

பிப்ரவரி 10

“7 இன்னும் ஓடுது”ங்கிறதுக்குத் தனியா ஒரு பதில். உங்க குடோன் 7-ல குரோம் திறந்து பாருங்க, 109-லயே நின்னிருக்கும். 2023 பிப்ரவரியில வந்த 110-லிருந்து 7-ஐயும் 8.1-ஐயும் கூகுள் விட்டுடுச்சு. ஒருநாள் காலையில பேங்க் பக்கம் “உங்கள் பிரவுசர் பழையது”ன்னு நிக்கும். அன்னிக்குன்னு பார்த்துச் சம்பளம் போடற நாளா இருக்கும். ஒரு ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி இயங்குதளம்) சாகறதே இப்படித்தான். அது பாட்டுக்கு ஓடும், சுத்தியிருக்கிற ஒவ்வொண்ணா அதை விட்டு விலகிப் போகும்.

பிப்ரவரி 10, பின்னேரம்

கோப்பையெல்லாம் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பத்தி யாரோ கேட்டிருந்தீங்க. பழைய விண்டோஸ் எக்ஸ்பி வச்சிருந்தவங்கதான் மாட்டினாங்கன்னு பலரும் நினைக்கிறாங்க. அந்த ஓட்டைக்கு அடைப்பு (அப்டேட்) வந்தது 2017 மார்ச் 14. தாக்குதல் மே 12. நடுவுல ரெண்டு மாசம் இருந்துது. மாட்டினதுல பெரும்பகுதி விண்டோஸ் 7, அதாவது அப்டேட் கிடைச்சும் போடாத சிஸ்டங்கள். பிரிட்டன்ல அரசு ஆஸ்பத்திரிகள் திணறிப்போச்சு. ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர் சிலதும் மாட்டுச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்டுல தைவான் சிப் கம்பெனி டிஎஸ்எம்சி-யில அதே குடும்பத்து வைரஸ் புகுந்து ஆலையே நின்னுச்சு. அங்கேயும் அடைப்புப் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள்தான்.

இதுல எனக்குப் பிடிபட்டது: புது ஓஎஸ் வாங்கிப் போட்டு அப்டேட்டை நிறுத்தி வைக்கிற ஆபீசும், பழசை வச்சிருக்கிற ஆபீசும் ஒண்ணுதான். மாத்தறதுன்னு முடிவெடுத்தா, மாசாமாசம் ரீஸ்டார்ட் விடறதுக்கும் சேர்த்து முடிவெடுங்க.

பிப்ரவரி 12

சின்னக் குறிப்பு. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இருக்கிறதைப் பாருங்க. ப்ராசசர் இன்டெல்னா ஐ5-க்குப் பின்னால வர்ற எண்ணைப் பாருங்க. 8400 மாதிரி 8-லயோ 9-லயோ ஆரம்பிச்சாலும், 10400, 12400 மாதிரி அஞ்சு இலக்கமா இருந்தாலும் 11 போகும். 7400, 6500-னா அதிகாரபூர்வமா போகாது. ஏஎம்டி ரைசன்னா பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்து. 4 ஜிபி ராம்னு சொல்லியிருக்காங்க, நடைமுறையில 8-க்குக் கீழே வேண்டாம். எஸ்எஸ்டி இல்லாம ஹார்ட் டிஸ்க்ல 11 போட்டீங்கன்னா பில் போடற பொண்ணு உங்களைச் சும்மா விடமாட்டா.

11 கேக்கற பாதுகாப்புச் சிப்பான “டிபிஎம் இல்ல”ன்னு காட்டினா உடனே நம்பாதீங்க. பல போர்டுகள்ல டிபிஎம் இருக்கும், பயாஸ்ல (சிஸ்டம் போட்டதும் முதல்ல ஓடற, போர்டுலயே இருக்கிற மென்பொருள்) அணைச்சு வச்சிருப்பாங்க. இன்டெல் போர்டுல பிடிடி, ஏஎம்டி-யில எஃப்டிபிஎம்-ன்னு பேர் இருக்கும். டிஸ்க் பிரிப்பு 11-க்கு ஒத்துவராத பழைய எம்பிஆர் முறையில இருந்தா, எம்பிஆர்2ஜிபிடி-ன்னு விண்டோஸ்லயே ஒரு கருவி இருக்கு. ஃபார்மட் அடிக்காமயே மாத்தலாம். பேக்கப் எடுத்துட்டு மட்டும் தொடுங்க.

பிப்ரவரி 16

ஈரோட்டுல நான் பாத்துக்கற ஆபீஸ் ஒண்ணுல நடந்ததைச் சொல்லணும், ஏன்னா மேலே எழுதினதுக்கு இது கொஞ்சம் எதிரா நிக்குது. ஆடிட்டர் ஆபீசிலிருந்து டாலி பாக்கணும்னு யாரோ ரவுட்டர்ல ரிமோட் டெஸ்க்டாப்புக்கு (வெளியிலிருந்தே சிஸ்டத்தை இயக்கற வசதி) கதவு திறந்து விட்டிருந்தாங்க. 3389-ஆம் போர்ட், எளிய பாஸ்வேர்ட். ஒரு திங்கக்கிழமை காலையில பாத்தா டாலி டேட்டா ஃபோல்டர் முழுக்க புரியாத எக்ஸ்டென்ஷன், எல்லாக் கோப்பும் பூட்டிக் கிடந்துது. பேக்கப் எடுக்கற ஹார்ட் டிஸ்க்கும் அதே சிஸ்டத்துலயே சொருகிக் கிடந்துது, அதுவும் போச்சு. ஆடிட்டர்கிட்ட மின்னஞ்சல்ல போயிருந்த பழைய பேக்கப்தான் காப்பாத்துச்சு. நடுவுல இருந்த வவுச்சர் எல்லாம் கையால திரும்ப ஏத்தினாங்க. அந்தப் பொண்ணு ராத்திரி ஒன்பது மணிக்கு எக்ஸல் ஷீட்டை வச்சுட்டு அழுதுட்டே அடிச்சது இன்னும் எனக்கு மறக்கல.

அது விண்டோஸ் 10. அப்டேட் எல்லாம் சரியாத்தான் இருந்துது. 11-ஆ இருந்தாலும் அதே கதிதான். திறந்த கதவையும் எளிய பாஸ்வேர்டையும் எந்த ஓஎஸ்ஸும் அடைக்காது. அதனால அண்ணா, உங்க செலவு வரிசையில 11-க்கு முன்னாடி இது வரணும்: ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, மாத்தி மாத்தி பேக்கப் எடுத்து, ஒண்ணு எப்பவும் சிஸ்டத்தை விட்டுக் கழட்டி பீரோவுல இருக்கணும்.

பிப்ரவரி 23

நம்ம ஊர்த் தொழில்ல உண்மையான சிக்கலே ஓஎஸ்ஸுல இல்ல, அதுல தொங்கற சாமான்கள்ல இருக்கு. இதை யாரும் விரிவா பேசறதில்லங்கறதால நீளமா எழுதறேன்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். டெலிவரி சலானும் பில்லும் கார்பன் காப்பியோட வேணும்னா இன்னும் அதுதான். பழைய டிவிஎஸ், எப்சன் பலது பேரலல் போர்ட். புது போர்டுகள்ல அந்தப் போர்ட்டே வர்றதில்ல. யூஎஸ்பி மாத்திக் கேபிள் போட்டா டிரைவர் வழியா அடிக்கிறது ஓடும். ஆனா எல்பிடி1-க்கு (பேரலல் போர்ட்டோட பேர்) நேரா அனுப்பற பழைய பில்லிங் மென்பொருள் அதைக் கண்டுக்காது. பிரிண்டரை ஷேர் பண்ணி நெட் யூஸ் கட்டளையால எல்பிடி1-ஐ அதுக்குத் திருப்பி விட்டா சமாளிக்கலாம்.

டிசைன் மென்பொருளோட டாங்கிள். எம்பிராய்டரி, ஜக்கார்டு டிசைன் போடற இடங்கள்ல ஒரு பூட்டுக்கட்டை சொருகியிருக்கும், அது இல்லாட்டி மென்பொருள் திறக்காது. அதோட டிரைவர் பழசா இருந்தா 11-ல மெமரி இன்டக்ரிட்டிங்கிற பாதுகாப்பு அதைத் தடுத்துடும். பாதுகாப்பை அணைச்சாத்தான் ஓடும்னா, 11 வாங்கின காரணமே அங்க அடிபட்டுப் போகுது. அந்த மாதிரி சிஸ்டத்தை மாத்தாதீங்க. நெட் கேபிளைப் பிடுங்கிட்டு இருக்கிற ஓஎஸ்ஸோட விட்டுடுங்க. டிசைன் கோப்பை அதுக்குன்னு ஒதுக்கின ஒரே பென்டிரைவ்ல கொண்டு போங்க, நடுவுல வைரஸ் ஸ்கேன் போட்டு.

எடைமேடை. சீரியல் போர்ட்டுல எடை வாங்கற, விபி6-ல (பழைய விஷுவல் பேசிக்) எழுதின மென்பொருள்தான் பெரும்பாலும். விபி6 ரன்டைம் 11-லயும் ஓடும், மைக்ரோசாப்ட்டே உறுதி சொல்லியிருக்கு. சீரியல் போர்ட் இல்லேன்னா அதுக்கான கார்டு போடுங்க. யூஎஸ்பி மாத்தியை விட கார்டு எனக்கு நம்பிக்கையா இருக்கு.

மச்சான் அரிசி மில்லுல டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோங்கிற டேட்டாபேஸ் மென்பொருள்ல கணக்கு ஓடுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அது 32-பிட் விண்டோஸ்லதான் நேரா ஓடும். 11-ல 32-பிட்டே கிடையாது. அதனால 32-பிட் 10-லிருந்து 11-க்கு அப்படியே மேலேத்தவும் முடியாது, புதுசா போடணும். பழைய டாஸைப் போலவே நடிக்கற டாஸ்பாக்ஸ் மாதிரி ஒண்ணுக்குள்ள வச்சு ஓட்டலாம். ஆனா 20 வருஷத்துக் கணக்கை எக்ஸலுக்கு எடுத்து வச்சுடறது இந்தச் சாக்குலயாவது நடக்கட்டும். அதை எழுதினவர் இன்னிக்குப் போனை எடுக்கறார்னா, உடனே கூப்பிடுங்க.

பிப்ரவரி 23, இன்னொண்ணு

விட்டுப்போனது: தமிழ் எழுத்துருக்கள். பழைய கடிதங்களும் லேபிளும் வானவில், பாமினின்னு யூனிகோடு அல்லாத எழுத்துருவுல அடிச்சிருப்பாங்க. ஃபார்மட் அடிக்கறதுக்கு முன்னாடி ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்க. இல்லேன்னா மறுநாள் ஒவ்வொரு கோப்பும் குப்பையா வந்து நிக்கும், வைரஸ்னு சொல்லி எனக்குப் போன் வரும்.

மார்ச் 30

கரூர் அண்ணா பட்டியல் அனுப்பிட்டார்: 4 சிஸ்டம் எட்டாம் தலைமுறையோ (ப்ராசசர் வரிசை, 8400-னா எட்டாவது) அதுக்கு மேலேயோ, 3 ஆறு-ஏழாம் தலைமுறை, 1 ஜக்கார்டு டிசைன், 1 குடோன் 7. இப்பவே ஆரம்பிக்கலாமான்னு கேட்கறார்.

வேண்டாம். நாளைக்கு மார்ச் 31. ஏப்ரல்ல வருஷக் கணக்கு முடியட்டும். அப்புறமும் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. 21-க்கு மேல மாசக் கடைசிக்குள்ள ஒரு சனிக்கிழமை பாருங்க.

ஜூன் 26

பணம் கட்டினா 10-க்கே பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புக் கிடைக்குமேன்னு கேட்டவங்களுக்கு. வீட்டுக்காரங்களுக்கு ஒரு வருஷம் 30 டாலர்னு போன அக்டோபர்ல அறிவிச்சிருந்தாங்க. இந்த வாரம் அதை மாத்திட்டாங்க. செட்டிங்ஸை மைக்ரோசாப்ட் கணக்குல சிங்க் பண்ணினா இலவசம், இல்லேன்னா 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி, அதுவும் இல்லேன்னா 30 டாலர். 2026 அக்டோபர் 13 வரைக்கும்.

இதைப் படிச்சுட்டு “அப்ப ஆபீசுக்கும் இலவசம்”னு கிளம்பிடாதீங்க. டொமைன்ல (கம்பெனி சர்வர் கட்டுப்பாட்டுல) சேர்ந்த சிஸ்டத்துக்கு இது கிடைக்காது, தொழில் உபயோகத்துக்கும் இல்ல. தொழிலுக்கு முதல் வருஷம் ஒரு சிஸ்டத்துக்கு 61 டாலர், அடுத்த வருஷம் 122, மூணாவது 244. கூட்டினா 427 டாலர். ரெண்டாவது வருஷம் சேர்ந்துக்கலாம்னு காத்திருந்தாலும் முதல் வருஷப் பணத்தையும் கட்டணும். முதல் வருஷம் சுமார் 5,200 ரூபாய்னா யோசிக்கலாம், மூணும் சேர்ந்தா 36,000-த்தைத் தாண்டுது. அந்தக் காசு ஒரு புது சிஸ்டத்துல போகட்டும். கம்ப்யூட்டருக்கு வருமான வரியில 40 சதவீதத் தேய்மானம் இருக்கு, கட்டின 18 சதவீத ஜிஎஸ்டி-யை வரவாவும் எடுத்துக்கலாம். நீட்டிப்புங்கிறது ஒரு வருஷத்துக்குள்ள மாத்த முடியாத சிஸ்டத்துக்கு மட்டும்.

ஆகஸ்ட் 3

தகுதிச் சோதனையைத் தாண்டி 11 போட உதவற ரூஃபஸ்ங்கிற கருவியை வச்சு ஏழாம் தலைமுறையில 11 ஏத்திடலாமேன்னு பலபேர் எழுதறீங்க. ஏறும். வீட்டுல நானும் போட்டு வச்சிருக்கேன், நல்லா ஓடுது. ரொம்பப் பழசுல 24ஹெச்2 (11-ஓட 2024 பதிப்பு) பூட்டே ஆகாது, ப்ராசசர்ல எஸ்எஸ்இ4.2-ங்கிற வசதி வேணும். ஆறு, ஏழுல அந்தப் பிரச்சினை இல்ல.

ஆனா ஆபீஸ்ல வேண்டாம்னுதான் இன்னும் நிக்கறேன். தகுதியில்லாத சிஸ்டத்துக்கு அப்டேட் உரிமை இல்லைன்னு மைக்ரோசாப்ட் எழுதியே வச்சிருக்கு. வருஷாவருஷம் வர்ற பெரிய பதிப்பு தானா ஏறாது, ஒவ்வொரு தடவையும் யாராவது உக்காந்து ஏத்தணும். அந்த யாரோ ஊரை விட்டுப் போனப்புறம் அந்த சிஸ்டம் யார் பொறுப்பு? மாச அப்டேட் தடையில்லாம வரணும்னுதானே மாத்தறோம்.

செப்டம்பர் 14

ஒரு ஆடிட்டர் ஆபீசை நேத்து 11-க்கு மாத்தினோம். ஓஎஸ் ஏறினது சுலபம். மத்தியானத்துக்கு மேலதான் வேலையே.

ஷேர்டு ஃபோல்டர் திறக்கல. ஒரு சிஸ்டத்துல டேட்டா, மத்ததெல்லாம் பாஸ்வேர்ட் இல்லாம அதைத் திறக்கிற பழக்கம். நம்ம சின்ன ஆபீஸ் எல்லாமே இப்படித்தான். 11 புரோ 24ஹெச்2-ல விருந்தாளியா (பாஸ்வேர்ட் இல்லாம) நுழையறது தடை, எஸ்எம்பி சைனிங் (ஃபோல்டர் பகிர்வுல வர்றது உண்மையானதான்னு சரிபார்க்கிறது) கட்டாயம். நெட்ல தேடினா அந்தப் பாதுகாப்பை அணைக்கிற வழிதான் முதல்ல வரும். அணைக்காதீங்க. டேட்டா சிஸ்டத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்ட் போடுங்க. மத்த சிஸ்டங்கள்ல அதை ஒரு தடவை கொடுத்து நினைவுல வச்சுட்டா முடிஞ்சது. ஸ்கேன் பண்ணி ஃபோல்டர்ல போடற பழைய ஜெராக்ஸ் மெஷின் மட்டும் ஒத்துக்கல, அதை மெயிலுக்கு அனுப்பும்படி மாத்திட்டோம்.

ஷேர்டு பிரிண்டரும் அதே மாதிரி. 0x0000011b, 0x00000709-ன்னு எண்கள் வரும். ஒரு சிஸ்டத்துல மாட்டி மத்ததுக்குப் பங்கு போடற பழக்கத்தையே விடுங்க. நெட்வொர்க் கேபிள் சொருகற பிரிண்டர்னா ஒவ்வொரு சிஸ்டத்துலயும் நேரா ஐபி கொடுத்து ஏத்துங்க. அந்தத் தலைவலியே இருக்காது.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் டிரைவரைப் புதுசா இறக்கிப் போடுங்க, பழைய சிடி-யில இருக்கிறதைப் போடாதீங்க. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இல்லைன்னு தேடாதீங்க. எட்ஜ் பிரவுசர்ல ஐஇ மோட் (எக்ஸ்புளோரர் மாதிரியே ஓடற முறை) இருக்கு, 2029 வரைக்குமாவது வச்சிருப்போம்னு சொல்லியிருக்காங்க.

செப்டம்பர் 20

விண்டோஸுக்குப் பதிலா இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் போடுங்கன்னு எழுதற தம்பிகளுக்கு: உங்க பேச்சு எனக்குப் பிடிக்கும். 2007 வாக்குல தமிழ்நாடு அரசோட மின்னணு நிறுவனமான எல்காட்டுல உமாசங்கர் ஐஏஎஸ் மேலாண் இயக்குநரா இருந்தப்ப சூசி லினக்சுக்கு மாறினது நம்ம ஊர்லதான். மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்ல பாஸ் லினக்ஸும் இருந்துது, அது மத்திய அரசோட கணினி ஆய்வு மையமான சி-டாக் சென்னையில பண்ணினது. கேரளா பள்ளிக்கூடங்கள் இன்னிக்கும் லினக்ஸ்லதான் பாடம் நடத்துது. முடியாதுங்கறவங்களுக்கு நான் இதையெல்லாம் சொல்லுவேன்.

ஆனா டாலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்ல. அந்த ஒரு வரியில கணக்கு மேசையில பேச்சு முடியுது. கரூர் அண்ணாவோட ஆறு-ஏழாம் தலைமுறை மூணுல ரெண்டு மெயிலும் பேக்கிங் லிஸ்ட்டும் மட்டும் பாக்குது. அதுல லினக்ஸ் மின்ட் போட்டு லிப்ரே ஆபீஸோட ஒரு மாசம் ஓட்டிப் பாக்கச் சொல்லியிருக்கேன். பிடிச்சா ரெண்டு சிஸ்டம் காசு மிச்சம்.

அக்டோபர் 15

நேத்தோட 10 முடிஞ்சது. காலையில எந்த சிஸ்டமும் நிக்கல, நிக்கவும் செய்யாது. விண்டோஸ்லயே இருக்கிற டிஃபெண்டரோட வைரஸ் பட்டியல் மட்டும் 10-க்கு 2028 அக்டோபர் வரைக்கும் வரும். அது ஓட்டையை அடைக்கறது இல்ல, திருடன் படத்தை வாசல்ல ஒட்டறது மட்டும்தான்.

பலபேர் கவனிக்காத ஒண்ணு: வேர்டு, எக்ஸல் இருக்கிற மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2016-க்கும் 2019-க்கும் நேத்துதான் கடைசி நாள். 11 ஏத்திட்டு 2016 எக்ஸலை வச்சிருந்தா வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. மெயில்ல வர்ற விஷக் கோப்பு முதல்ல திறக்கறது வேர்டுலயும் எக்ஸல்லயும்தான்.

அக்டோபர் 22

பாத்தீங்களா, 14-ம் தேதி வந்த 11-ஓட அப்டேட்டே உதைச்சுடுச்சு. சிஸ்டம் ஏறாதப்ப வர்ற மீட்புத் திரையில யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யல. தன் சிஸ்டத்துக்குள்ளேயே 127.0.0.1-ல பேசிக்கற சில மென்பொருளும் நின்னுச்சு. மீட்புத் திரைக்கு 20-ம் தேதி அவசரத் திருத்தம் விட்டாங்க.

“இதுக்குத்தான் மாத்த வேண்டாம்னேன்”னு கரூர் அண்ணா எழுதியிருக்கார். அவர் கோபம் நியாயம்தான். அப்டேட் வந்த அன்னிக்கே எல்லாத்துலயும் ஏத்த வேண்டியதில்ல. ஒரு சிஸ்டத்துல உடனே, மத்ததுல ஒரு வாரம் தள்ளி. விண்டோஸ் அப்டேட் திரையிலேயே ஒரு வாரம் நிறுத்தி வைக்கிற பொத்தான் இருக்கு. பிப்ரவரியில நான் சொன்ன “மாசாமாசம் ரீஸ்டார்ட்” இந்த ஒரு வாரத்தோட சேர்த்துத்தான்.

நவம்பர் 9

அவசரமா எழுதறேன், புதுசு வாங்கின எல்லாரும் படிங்க. 11 24ஹெச்2 புதுசா போட்டு மைக்ரோசாப்ட் கணக்குல நுழைஞ்சா டிஸ்க் தானாவே பிட்லாக்கர்ங்கிற பூட்டால பூட்டப்படும். சாவி அந்த மெயில் கணக்குக்குப் போயிடும். கடையில சிஸ்டம் போட்டவர் தன் மெயில்லயோ, அன்னிக்குப் புதுசா ஆரம்பிச்ச மெயில்லயோ நுழைஞ்சிருந்தா? போர்டு மாத்தினாலோ பயாஸைத் தொட்டாலோ 48 இலக்கச் சாவி கேக்கும். சாவி இல்லேன்னா டேட்டா போனது போனதுதான், யாராலயும் எடுக்க முடியாது.

போன வாரம் தெரிஞ்ச ஒரு கடையில இதுதான் நடந்துது. பேக்கப் பீரோவுல இருந்ததால பிழைச்சாங்க. இன்னிக்கே கன்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கர்னு தேடி, பூட்டியிருந்தா சாவியை அச்சடிச்சு பேக்கப் டிஸ்க்கோட வைங்க. சாவி அக்கவுன்டன்ட் பொண்ணு மெயில்ல இருந்தா ஆபீஸ் மெயிலுக்கு மாத்துங்க.

2026 ஜனவரி 18

கரூர் நிலவரம், கேட்டவங்களுக்காக. நாலும் 11-ல ஓடுது, பேங்க், ஜிஎஸ்டி, பையர் மெயில் மூணும் அதுல மட்டும். ஆறு-ஏழாம் தலைமுறை மூணுல ஒண்ணுல மின்ட் நின்னுடுச்சு. இன்னொண்ணுல பையர் அனுப்பற எக்ஸல் மேக்ரோ ஓடாததால திரும்பிட்டாங்க, அதுக்கும் மூணாவதுக்கும் ஒரு வருஷ நீட்டிப்பு வாங்கியாச்சு. ஜக்கார்டு சிஸ்டம் நெட் இல்லாம தனியா இருக்கு. குடோன் 7-லயும் கேபிளைப் பிடுங்கியாச்சு, ஸ்டாக் மட்டும் எழுதறாங்க. ஒன்பதுக்குப் பதிலா இப்போதைக்குப் புதுசு ஒண்ணும் வாங்கல.

நீட்டிப்புல ஓடற அந்த ரெண்டுக்கும் பதிலா இப்பவே புதுசு வாங்கிடலாமான்னு அண்ணா கேட்கறார். ராம் விலை போன வருஷக் கடைசியிலிருந்து ஏறிக்கிட்டிருக்கு, ஏஐ சர்வர்களுக்கே சிப் எல்லாம் போகுது. நீட்டிப்பு அக்டோபர் வரைக்கும் இருக்கு, அவசரம் வேண்டாம். எட்டு, ஒன்பதாம் தலைமுறையில கம்பெனிகள் கழிச்சு விட்ட பிராண்டட் டெஸ்க்டாப் வந்தா, எஸ்எஸ்டி-யோட, பில்லோட, உரிமம் உள்ள விண்டோஸோட மட்டும் பாருங்க. கேஎம்எஸ் ஆக்டிவேட்டர் (உரிமமில்லாத விண்டோஸை அசல் மாதிரி காட்டற கருவி) போட்டுத் தர்ற கடைப் பக்கம் போகாதீங்க, அந்த ஆக்டிவேட்டர் வழியாவே வைரஸ் வர்றது உண்டு.

செக்யூர் பூட் (சிஸ்டம் ஏறறப்ப நம்பகமான மென்பொருளை மட்டும் விடற வசதி) சான்றிதழ் பத்தி கேட்டவருக்கு: 2011-ல போட்ட சான்றிதழ்கள் இந்த ஜூன்லேருந்து காலாவதியாக ஆரம்பிக்குது. அப்டேட் வர்ற சிஸ்டங்களுக்குப் புதுசு விண்டோஸ் அப்டேட் வழியாவே வந்துடும். ஜூனுக்கு முன்னாடி போர்டு கம்பெனி தளத்துல புது பயாஸ் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. பயாஸ் ஏத்தறதுக்கு முன்னாடி நவம்பர்ல சொன்ன அந்த 48 இலக்கச் சாவி கையில இருக்கணும்.